மார்க்குக்குப் பயந்த அறிக்கை

திங்கள்

எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி இறுதியாண்டு மாணவி தன் அமர்வு அறிக்கையோடு மேற்பார்வையாளரான என்னிடம் வந்தாள். "கிளையன்ட் இயல்பாகப் பேசினார். அமர்வு நிறைவாக முடிந்தது" என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள். கிளையன்டின் ஒப்புதலோடு எடுத்த ஒலிப்பதிவைக் கேட்டால் கதை வேறு. அந்தக் கல்லூரிப் பையன், "ஹாஸ்டல்ல யார்கிட்டயும் பேசப் பிடிக்கல மேடம்" என்கிறான். சற்று அமைதி. உடனே இவள், "டைம்டேபிள் போட்டுப் படிக்கிறீங்களா?" என்கிறாள். பையன் "ம்" என்றதோடு சரி.

"இதை ஏம்மா அறிக்கையில எழுதல?"

"மார்க் குறைஞ்சிடும்னு நினைச்சேன் மேம்."

அந்த அறிக்கையைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மேற்பார்வையாளரே மதிப்பெண்ணும் போடும் இடத்தில் இது நடக்கத்தான் செய்யும்.

புதன்

நிக்கோலஸ் லடானியும் சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வை மறுபடி எடுத்தேன். ஆலோசனைப் பயிற்சியில் இருந்த 108 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். மேற்பார்வையாளரிடம் எதையாவது மறைத்ததாக ஏறக்குறைய எல்லோருமே ஒப்புக்கொண்டார்கள். அதிகம் மறைக்கப்பட்டது, அந்த மேற்பார்வையாளர் மீதே இருந்த மனத்தாங்கல். ஆசிரியரை எதிர்த்துப் பேசக் கூடாதென்றே வளர்க்கப்படும் நம் பிள்ளைகள் இன்னும் எவ்வளவு விழுங்குவார்கள்!

உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1983இல் மேற்பார்வையாளருக்கும் பயிற்சி பெறுபவருக்கும் உள்ள உறவுக்கு மூன்று கூறுகள் சொன்னார்: இலக்கில் உடன்பாடு, செய்யவேண்டிய வேலைகளில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. பலர் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, சிரித்துப் பேசினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். எதற்கு மதிப்பெண் என்றே தெரியாத மாணவிக்கு அந்தச் சிரிப்பும் சந்தேகமாகத்தான் படும்.

வெள்ளி

"இன்னிக்கு மார்க் கிடையாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஒலிப்பதிவை அவள் கையில் கொடுத்தேன். எங்கே நிறுத்துவது என்பது அவள் விருப்பம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நார்மன் கேகன் 1960களில் வளர்த்தெடுத்த முறை இது. அந்த அமைதி வந்த இடத்தில்தான் நிறுத்தினாள்.

"அவன் அழுதுடுவானோன்னு பயந்துட்டேன் மேம். அழுதா என்ன பண்றதுன்னு தெரியல."

மீதி நேரமெல்லாம் அதைத்தான் பேசினோம். அழுகிறவர் எதிரே எப்படி உட்கார்ந்திருப்பது, எப்போது வாய் திறப்பது, தண்ணீர் டம்ளரை எப்போது நகர்த்துவது என்பது வரை.

துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்: அமர்வைக் கேட்பவர் ஒருவர், மதிப்பெண் போடுபவர் வேறொருவர் என்று பிரித்துவிடுங்கள். ஆள் பற்றாக்குறையால் முடியாதென்றால், எதற்கு மதிப்பெண், எதற்கு இல்லை என்பதை முதல் சந்திப்பிலேயே மாணவர் கையில் எழுத்தில் கொடுங்கள்.