கடைசி விசில் வரை

சென்னை சென்ட்ரலில் ஹவுரா மெயில் ஏறியபோது பக்கத்து இருக்கைக்காரர், "கல்கத்தாவில் என்ன வேலை?" என்று கேட்டார். "மேட்ச் பார்க்கப் போகிறேன்" என்றேன். கிரிக்கெட் என்று எண்ணி ஈடன் கார்டனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதும் கால்பந்து ஆட்டம் என்றேன். "அதுக்காகவா இவ்வளவு தூரம்?" என்றார். கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி என்று ஒவ்வொரு ஆறாகக் கடந்து போகையில் அந்தக் கேள்விக்கு நானும் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கும் ஒரு கிளப் உண்டு. சென்னையின் எஃப்.சி. 2014இல் தொடங்கியது. முதல் வருடத்திலிருந்து நேரு ஸ்டேடியம் கேலரியில் நிற்கிறேன். 2018 மார்ச்சில் பெங்களூருவில் இரண்டாவது முறையாக இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்றதும் கேலரிக்குப் புதுக் கூட்டம் வந்தது. "ஜெயிச்ச பிறகு வந்தவங்க" என்று எங்களில் சிலர் முகம் சுளித்தார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். நான்கு வருடம் முன்னால் வந்துவிட்டதற்காக எனக்கு என்ன உரிமை கிடைத்துவிட்டது என்ற உறுத்தல் பின்னாளில் வந்தது. நூறு வருடம் கடந்த கிளப்புகளில் இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அதிலிருந்துதான்.

கொல்கத்தாவில் துர்கா பூஜை முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தெருவுக்குத் தெரு பந்தல் மூங்கில்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மொட்டைமாடிகளில் இரண்டு வகைக் கொடிகள் பறந்தன. சிவப்பும் மஞ்சளும் ஈஸ்ட் பெங்கால். பச்சையும் மெரூனும் மோகன் பகான். 2024 அக்டோபர் 19, சனிக்கிழமை. இரவு ஆட்டம்.

நான் தங்கியது என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் பெற்றோர் வீட்டில். தெற்குக் கொல்கத்தாவில் பிஜய்கர். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள், கைவிடப்பட்ட ராணுவ முகாமில் குடியேறித் தாங்களே உருவாக்கிய காலனி அது. நண்பரின் அப்பாவை நானும் "காகு" என்றே கூப்பிட்டேன். நம் ஊர்ச் சித்தப்பா மாதிரி. அவருடைய அப்பா 1948இல் பாரிசாலிலிருந்து வந்தவர். காகு பிறந்தது 1950இல், இதே காலனியில்.

காலையில் என்னை மைதானுக்கு அழைத்துப் போனார். நகரத்தின் நடுவில் அவ்வளவு பெரிய புல்வெளி. ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது. நிரந்தரக் கட்டடம் கூடாது என்பதால் அந்தக் காலத்தில் கிளப்புகள் கூடாரம் அடித்துக்கொண்டன. இன்றைக்கும் கிளப் அலுவலகத்தை "டென்ட்" என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு கிளப்புகளின் டென்ட்டுகளுக்கும் நடுவே நடந்தே போய்விடலாம்.

"அவங்க மூத்தவங்க" என்று மோகன் பகான் பக்கம் கையைக் காட்டினார். பரம எதிரியைப் பற்றி அத்தனை மரியாதையோடு ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. 1889இல் தொடங்கிய கிளப் அது. 1911 ஜூலை 29 அன்று, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. ஆங்கிலேயர்களின் ஷீல்டை முதன்முதலில் வென்ற இந்திய அணி அதுதான். ஈஸ்ட் பெங்கால் பிறந்தது ஒரு மனவருத்தத்தில். 1920 ஜூலையில், மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபகான் அணி, சைலேஷ் போஸ் என்ற வீரரைச் சேர்க்காமல் விட்டது. அந்த கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி கேட்டுப் பார்த்தார்; யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளியேறினார். ஆகஸ்ட் 1 அன்று, கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கென்று ஒரு கிளப் உருவானது.

பிரிவினைக்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் வீடு, வயல், குளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லை கடந்தார்கள். அவர்களுக்கு இந்த நகரத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த கிளப்தான். அதன் பெயரிலேயே அவர்கள் இழந்த ஊர் இருந்தது. "என் அப்பாவுக்கு ரேஷன் கார்டு வர்றதுக்கு முன்னாடியே இந்த கிளப் வந்துடுச்சு" என்றார் காகு.

ஆனால் வம்சத்தை வைத்து மட்டும் கோடு கிழித்துவிட முடியாது என்பதை அவரே எடுத்துக்காட்டினார். பக்கத்துச் சாலைக்கு கோஷ்டோ பாலின் பெயர். மோகன் பகானின் தடுப்புச் சுவராக நின்றவர். பிறந்தது கிழக்கே ஃபரீத்பூரில். வாழ்நாள் முழுக்க மோகன் பகானுக்கே ஆடிய சுனி கோஸ்வாமி பிறந்ததும் இன்றைய பங்களாதேஷின் கிஷோர்கஞ்சில்தான். "ரத்தம் ஒரு பக்கம் இழுக்கும், மனசு வேற பக்கம் போகும். ரெண்டும் நடந்திருக்கு" என்றார்.

மதியம் காகுவின் மனைவி காகிமா கடுகு அரைத்துவிட்டு இலிஷ் மீன் சமைத்திருந்தார். ஈஸ்ட் பெங்கால் வீட்டின் மீன் இலிஷ். மோகன் பகான் வீட்டுக்கு இறால். வெல்கிற பக்கத்து மீனுக்கு மறுநாள் சந்தையில் விலை ஏறும். முள்ளை எப்படி ஒதுக்குவது என்று காகிமா என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். முதுகெலும்பை விட்டு மெல்லச் சதையைப் பிரித்து, விரல் நுனியால் தடவி, மயிரிழை முட்களை ஒவ்வொன்றாக எடுத்த பிறகே சோற்றோடு பிசைய வேண்டும். அவசரப்பட்டால் தொண்டையில் சிக்கும். ஒரு துண்டு மீனைச் சாப்பிட எனக்கு அரை மணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மாலையில் ஜாதவ்பூரில் லோக்கல் ரயில் ஏறி சியால்தா போனோம். மெட்ரோவுக்கு மாறும் வழியில் காகு ஒரு நிமிடம் நின்றார். "என் அப்பா இந்த ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒன்றரை மாதம் இருந்தார்" என்றார். சியால்தா பிளாட்பாரங்களில் அகதிக் குடும்பங்கள் மாதக்கணக்கில் கிடந்ததைப் படித்திருக்கிறேன். அந்த இடத்தில் நின்றுகொண்டு ஒரு மகன் சொல்லக் கேட்பது வேறு. எங்களைச் சுற்றி சிவப்பு மஞ்சள் ஜெர்சிகளும் பச்சை மெரூன் ஜெர்சிகளும் ஒரே படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தன.

சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு 68,000 பேர் கொள்ளளவு. ஒரு காலத்தில் இதைவிடப் பெரிது. 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,000 பேர் வந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. காகு அன்றைக்கும் இங்கே இருந்தார். துக்கமும் இந்த ஆட்டத்துக்கு உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இதே இரு அணிகளின் ஆட்டத்தில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

கேலரியில் எங்கள் பக்கத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன். புத்தம்புது ஜெர்சி, மடிப்புக்கூடக் கலையவில்லை. காகு அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "உன் தேஷ் எது?"

கிழக்கு வங்கத்தவர்களின் பழைய கேள்வி அது. இப்போது குடியிருக்கும் வீட்டைக் கேட்பதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் உன் பாட்டன் விட்டுவந்த மாவட்டம் எது என்று பொருள். டாக்கா, மைமன்சிங், பாரிசால் என்று பதில் வர வேண்டும். பையன் "மேதினிபூர்" என்றான். மேற்கு வங்கத்துக்காரன். வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் தன் கதையைச் சொன்னான். பத்து வயதில் அவன் அட்லெடிகோ டி கொல்கத்தா (ஏ.டி.கே.) ரசிகன். என் கிளப் பிறந்த அதே 2014இல் பிறந்த அணி. 2020 மார்ச்சில் கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் எங்களை 3-1 என்று வென்றதும் அவர்கள்தான். வென்ற சில மாதங்களிலேயே அந்த கிளப் மோகன் பகானோடு இணைக்கப்பட்டது. ஏ.டி.கே. மோகன் பகான் என்று பெயரானது. தங்கள் கிளப்பின் பெயருக்கு முன்னால் வேறு பெயர் ஒட்டிக்கொண்டதை மோகன் பகானின் பழைய ரசிகர்கள் ஏற்கவில்லை. மூன்று வருடம் விடாமல் எதிர்த்தார்கள். 2023இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற இரவில், ஏ.டி.கே. என்ற முன்னொட்டு நீங்கும் என்று அறிவிப்பு வந்தது. அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் இந்தப் பையனுக்கு அப்புறம் போக இடமில்லை. அவன் கைதட்டிய பெயர் எங்கேயும் இல்லாமல் போய்விட்டது. அந்த மார்ச்சில் நான் தோற்றதை நினைத்து நொந்துகொண்டிருந்தேன். வென்றவன் நிலை இப்படி ஆகும் என்று யோசித்ததே இல்லை.

"அப்புறம் எப்படி இங்கே வந்தே?" என்றார் காகு.

அந்த வருடம் ஜனவரியில் ஈஸ்ட் பெங்கால் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பையை வென்றது. தேசிய அளவில் 12 வருடம் கழித்துக் கிடைத்த கோப்பை. அணி திரும்பிய நாளில் ஹாஸ்டல் அறைத்தோழன் இழுக்க, விமான நிலையத்துக்குப் போயிருக்கிறான். "உங்க வயசுக்காரங்க அழுதுட்டிருந்தாங்க, தாத்தா. இவ்வளவு நாள் காத்திருந்தவங்களோட இருக்கணும்னு தோணிச்சு."

ஆகஸ்ட் 18 அன்றும் அவன் இந்த ஸ்டேடியத்தின் வாசலில் நின்றிருக்கிறான். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு இளம் மருத்துவர் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டு நகரமே கொதித்த நேரம் அது. அன்று இதே இரு அணிகளுக்கும் நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டத்தை, பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லாவிட்டாலும் இரண்டு அணி ரசிகர்களும் வந்தார்கள். நகரத்தின் இன்னொரு கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். போலீஸ் தடியடிக்கு நடுவே மூன்று கொடிகளும் ஒன்றாக நின்று அந்தப் பெண்ணுக்கு நீதி கேட்டன. "அன்னைக்கு யாரும் என்கிட்ட தேஷ் கேட்கலை" என்றான். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான்.

காகு பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "உன் தேஷ்?" என்றார்.

"திருநெல்வேலிப் பக்கம்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். அகமது கான், அப்பா ராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ். பஞ்ச பாண்டவர் என்று கொல்கத்தா கொண்டாடிய முன்வரிசை. ஐவரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். 1949, 1950, 1951 என்று ஈஸ்ட் பெங்கால் மூன்று வருடம் தொடர்ந்து ஷீல்டு வென்றது அந்தக் காலத்தில்தான். அப்புறம் அவர் நேரில் பார்த்த துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1957இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். அந்த வருடம்தான் ஏழு வயது காகுவை அவர் அப்பா முதன்முதலாகத் தோளில் தூக்கி மைதானுக்குக் கொண்டுபோனார். ரோம் ஒலிம்பிக்கில் கோல் அடித்து, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற பலராம் ஊர் திரும்பவில்லை. கொல்கத்தாவை ஒட்டிய உத்தர்பாராவிலேயே வாழ்ந்து 2023 பிப்ரவரியில் இறந்தார்.

"கணக்குப் பார்த்தா நான் பிறக்கறதுக்கு முன்னாடியே உங்க ஆளுங்க இங்கே வந்துட்டாங்க" என்றார். பிறகு பையனிடம், "உட்காரு. மேதினிபூரும் இருக்கட்டும்."

அந்த சீசனில் ஈஸ்ட் பெங்கால் முதல் நான்கு ஆட்டங்களையும் தோற்றிருந்தது. அன்றைக்கும் காற்று மாறவில்லை. 41ஆம் நிமிடத்தில் ஜேமி மெக்லாரன் கோல் அடிக்க, எதிர் கேலரி பச்சை மெரூனாகப் பொங்கியது. எங்கள் பக்கம் ஒரு நொடி மௌனம்; அடுத்த நொடி முரசுச் சத்தம் முன்னைவிட ஓங்கி எழுந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் மோகன் பகானுக்கு ஒரு பெனால்டி. பெட்ராடோஸ் பந்தை வைப்பதற்குள் எங்கள் பக்கத்தில் பலர் வாசலை நோக்கி நகர்ந்தார்கள். பல வருடமாக வருகிறவர்களும் அவர்களில் இருந்தார்கள். காகு அசையவில்லை. பையனும் அசையவில்லை. 2-0.

விசில் அடித்த பிறகு காகு தன் சிவப்பு மஞ்சள் துணியை எடுத்தார். ஓரம் நைந்து, மஞ்சள் வெளுத்துக் கிடந்த பழைய துணி. முழங்காலில் விரித்து, சுருக்கம் நீவி, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். தோற்ற துக்கத்திலும் அந்த மடிப்பில் அவசரம் இல்லை. படியில் இறங்கும்போது பையன் கேட்காமலேயே அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். ரயிலில் காகு சொன்னார்: "என் அப்பா வந்தப்போ அவரும் புதுசுதான். யாராவது நகர்ந்து இடம் விட்டிருக்கணும் இல்லையா? தேஷ் கேட்கறது பழக்கமாயிடுச்சு. பெனால்டி நேரத்தில் யார் உட்கார்ந்திருக்காங்கன்னுதான் பார்க்கணும்."

ஊர் திரும்பினேன். டிசம்பர் 7 அன்று ஈஸ்ட் பெங்கால் சென்னைக்கு வந்தது. ஆறு தோல்விகளோடு சீசனைத் தொடங்கிய அணி அப்போதுதான் தலைநிமிர்ந்துகொண்டிருந்தது. எங்களை 2-0 என்று வென்றது. இரண்டாவது கோல் விழுந்ததும் எங்கள் கேலரி காலியாகத் தொடங்கியது. என் வரிசையில் ஒரு சின்னப் பெண், அன்றைக்குத்தான் முதல்முறை வந்தவள் போல, அப்பாவின் கையை இழுத்து உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் நின்றவர்கள் மறைத்ததால் அவளுக்கு மைதானம் தெரியவில்லை. நான் நகர்ந்து என் இடத்தை அவளுக்குக் கொடுத்தேன்.

இரவு காகு போன் செய்தார். வென்றதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"கடைசி வரைக்கும் இருந்தியா?" என்று கேட்டார்.

"இருந்தேன், காகு."

"நல்லது" என்றார். "சாப்பிட்டுட்டுத் தூங்கு."