ராணி பாக்கில் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும்

மும்பையில் நம்மவர் மிகுதியாக வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளிலிருந்து குழந்தைகளை அழைத்துச் செல்லத்தக்க இடங்கள் பல உண்டு. ஆயினும் பைகுல்லாவில் உள்ள ராணி பாக்குக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 1862ஆம் ஆண்டில் விக்டோரியா தோட்டம் என்னும் பெயருடன் திறக்கப்பெற்ற இவ்விடம் இன்று வீரமாதா ஜீஜாபாய் போஸ்லே உத்யான் என வழங்குகிறது. பலகையில் எப்பெயர் இருப்பினும் ஊரார் நாவில் இது ராணி பாக்தான். ஐம்பது ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பும், முதிர்ந்த மரங்களும், மிருகக் காட்சிசாலையும் ஒருங்கே அமைந்த தோட்டம் இந்நகரில் வேறில்லை.

தாராவி அன்பர்கள் சயானுக்கு நடந்து வந்து ரயிலேறினால் போதும். மாதுங்கா, தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்லி, அடுத்தது பைகுல்லா. செம்பூர்க்காரர் குர்லாவில் வண்டி மாறவேண்டும். பைகுல்லா நிலையத்தைச் சற்று நின்று பார்த்துச் செல்லுமாறு வேண்டுகிறோம். 1853இல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடிய முதல் ரயில் சென்ற பாதை இதுவே. பழைய கட்டடத்தைச் செம்மையாகப் புதுப்பித்ததற்காக 2022இல் யுனெஸ்கோவின் பாராட்டும் இதற்குக் கிடைத்தது. ரயில்வேச் சோற்றை உண்பவராதலின் இதைச் சொல்லாமல் விட நமக்கு இயலவில்லை.

சென்ற மாதம் நாம் அங்கே சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. எம் வரிசையில், நெல்லைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில், ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். தமிழ் நன்றாகப் படிப்பான். இவ்வாண்டுதான் ஆங்கிலப் பள்ளிக்கு மாறினான். ஒரே எழுத்தில் தொடங்கும் விலங்குகளின் பெயர்களை எழுதிவரச் சொல்லும் பாடத்தில் இரண்டு முறை சுழி வாங்கிவிட்டான். பிள்ளைக்கு மூளை மந்தம் என்று பள்ளியில் சொல்லி அனுப்பினார்களாம். அவன் தாய் கண் கலங்கி வந்து, “அண்ணாச்சி, இவனை ஊரிலே ஆச்சியிடம் விட்டுவிடலாம் என்று இருக்கிறோம். சாளுக்கியா எக்ஸ்பிரசில் ஒரு சீட்டு எடுத்துத் தருவீர்களா?” என்று கேட்டார். அறுபது நாளைக்கு முன்னரே பதிவு தொடங்கிவிடும் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

சிறுவனின் நோட்டை வாங்கிப் பார்த்தோம். மயிலுக்கும் கரடிக்கும், கிளிக்கும் எருமைக்கும் அவன் முதலெழுத்தை மாற்றி எழுதியிருந்தான். மற்றவை யாவும் சரியாகவே இருந்தன.

அன்பர்கள் இதைச் சற்றுக் கவனிக்கவேண்டும். ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பி’ என்றே வரும். பீகாக், பாரட், பெலிகன், பைத்தான், பென்குவின் ஆகியவை பதினாறாம் எழுத்தைச் சேர்ந்தவை. பேர், பஃபலோ, பேட், புல், பிளாக்பக் ஆகியவை இரண்டாம் எழுத்தின் மக்கள். இங்கே அச்சாகியிருப்பதைப் பாருங்கள்: பத்தும் பகர வரிசையிலேயே நிற்கின்றன! தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கற்ற பிள்ளைக்குத்தான் இவ்விடர் நேரும்.

அவ்வோசைகள் நம் வாயில் இல்லாமற் போகவில்லை. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதற் பகரம் ஒருவிதம், மகர ஒற்றையடுத்து வரும் பகரம் வேறுவிதம். நாம் வாழும் ‘மும்பை’யிலும் ஒலிப்பது அந்த இரண்டாவது விதமே. சொல்லின் நடுவில் மெல்லினத்தை அடுத்தால் அவ்வாறு ஒலிக்க வேண்டும் என்பதைக் காதே அறிந்திருப்பதால், அதற்கெனத் தனி எழுத்துத் தமிழுக்குத் தேவைப்படவில்லை. ஆங்கிலத்திலோ இரண்டும் சொல்லின் தொடக்கத்திலேயே வந்து நிற்கும். அங்கேதான் நம் பிள்ளை தடுமாறுகிறான்.

எம் அலுவலகத்தில் பரேலும் பைகுல்லாவும் தமிழ் மனத்துக்கு ஒரே எழுத்துத்தான். நிலையக் குறியீட்டிலோ பரேல் பதினாறாம் எழுத்தில் தொடங்கும், பைகுல்லா இரண்டாம் எழுத்தில் தொடங்கும். ஓர் எழுத்து மாறினால் பார்சல் நான்காம் நிலையத்துக்கு மாறாக முதல் நிலையத்தில் கிடக்கும். ஆகவே சிறுவனை அழைத்துக்கொண்டு ஞாயிறு காலை சயானில் வண்டியேறினோம். நிலையப் பலகைகளில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் இருப்பது நமக்கு வாய்த்த இலவசப் பள்ளிக்கூடம் அல்லவா? மராத்தியில் இவ்விரண்டு ஓசைக்கும் தனித்தனி எழுத்து உண்டு. சிறுவனுக்கும் அவை தெரியும். கிளியை மராத்தியில் போபட் என்பர்; அதுவும் பாரட்டும் ஒரே ஓசை. காளையை பைல் என்பர். அதுவும் புல்லும் ஒரே ஓசை. இந்த இரண்டு சோடிகளை அவன் பிடித்துக்கொண்டான். பயணச்சீட்டை வாயின் முன் பிடித்து ஆங்கில முறையில் பாரட் என்று ஊதினால் சீட்டு ஆடும், புல் என்றால் அடங்கி நிற்கும். இதை அவன் பெட்டியிலிருந்த அனைவருக்கும் செய்து காட்டினான்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் பென்குவின்களை நோக்கியே பிள்ளைகள் ஓடுகின்றனர். பெரு, சிலி நாட்டுக் கடற்கரைகளில் வாழும் ஹம்போல்ட் இனத்தைச் சேர்ந்த எட்டுப் பறவைகள் 2016இல் தென்கொரியாவின் சியோலிலிருந்து கொண்டுவரப்பெற்றன. 2017 முதல் மக்கள் பார்வைக்கு வந்தன. மும்பை வெயிலில் வெந்து நிற்கும் நமக்கு, குளிரூட்டிய அறையில் அவை நீந்துவதைக் காணச் சிறிது பொறாமையும் உண்டாயிற்று. நீர்யானையைக் கண்டபோது, ஹிப்போபொட்டாமஸ் என்னும் நீண்ட பெயருக்குக் கிரேக்கத்தில் ஆற்றுக்குதிரை என்பதே பொருள் என்றோம். “குதிரையா! நாம் வைத்த பேர்தான் மாமா சரி” என்று தீர்ப்புரைத்தான். முள்ளம்பன்றியின் ஆங்கிலப் பெயராகிய போர்க்குபைன், பழைய பிரெஞ்சில் முட்பன்றி என்ற பொருளிலிருந்தே வந்தது. கடல் கடந்த இரு மக்கள் ஒரே விலங்கைக் கண்டு ஒரே பெயர் வைத்திருப்பதை எண்ணி வியந்தோம். அவனோ எழுத்துக்கூட்டுவதே போதும் என்று விட்டான்.

அருங்காட்சியகத்தின் அருகே நிற்கும் கல்யானையை எவரும் தவறவிடலாகாது. காராபுரித் தீவில் இதைக் கண்ட போர்த்துகீசியரே அத்தீவுக்கு எலிஃபெண்டா எனப் பெயரிட்டனர். 1864இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்றபோது கீழே விழுந்து துண்டுகளாயிற்று. 1914இல் மீண்டும் ஒட்டி நிறுத்தினர். எலிஃபெண்டுக்குள் ஓர் எலி இருப்பதைக் கண்டுபிடித்து, சிறுவன் வெகுநேரம் சிரித்தான்.

எலி என்றதும் பெருச்சாளி நினைவுக்கு வருகிறது. தாராவிப் பிள்ளைகள் அதைக் காண ராணி பாக்குக்கு வரவேண்டியதில்லை. அதன் ஆங்கிலப் பெயர் பேண்டிகூட், இரண்டாம் எழுத்து. தெலுங்கில் பன்றியெலி என்னும் பொருள்படும் பந்திகொக்கு என்ற சொல்லே அங்ஙனம் போயிற்று. தெலுங்கில் அது பதினாறாம் எழுத்தின் ஓசை! நம் நாட்டுச் சொல்லைக் கேட்ட வெள்ளைக்காரரே பகரத்தை மாற்றி எழுதிக்கொண்டார்கள். அவர்களை எவரும் மந்தம் என்று சொல்லவில்லை. கீரியின் பெயரான மங்கூஸும் மராத்தியின் முங்கூஸிலிருந்து போனதே. சிறுவனுடைய தாயிடம் இதை மாலையில் விரிவாகச் சொன்னோம். “அப்படியானால் இவன் மட்டும் இல்லையா அண்ணாச்சி?” என்றார். வரிசையில் தமிழ்ப் பள்ளியிலிருந்து மாறிய மற்ற நான்கு பிள்ளைகளின் நோட்டுகளையும் வாங்கிப் பார்த்தோம்; மூன்றில் அதே பிழை இருந்தது.

அடுத்த தேர்வில் பன்னிரண்டு பெயருக்கு ஒன்பது சரியாக எழுதியிருக்கிறான். போர்க்குபைன் இன்னும் கைக்கு வரவில்லை. ஊருக்கான சீட்டு இதுவரை எடுக்கப்படவில்லை; பள்ளி ஆண்டு முடியட்டும் என்று தந்தை சொல்லியிருக்கிறார்.

ககரத்தின் தொல்லை இதனினும் பெரிது. கேமல், கோட், கங்காரு மூன்றும் தமிழில் ஒரே வரிசை, ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. அதற்கு இன்னொரு ஞாயிறு வேண்டும். செல்ல விரும்பும் அன்பர்கள் புதன்கிழமை விடுமுறை என்பதை நினைவிற் கொண்டு, ஞாயிறாயின் காலையிலேயே போய்விடுவது நலம். பிற்பகலில் கூட்டத்தில் பென்குவினைவிட மனிதத் தலைகளே மிகுதியாகத் தெரியும்.