வெட்டுவதற்கு முன் ஒரு படம்

"பெட் ஸ்கேன் எடுத்தா எல்லாமே தெரிஞ்சிடும்னு சொன்னாங்களே சார், நீங்க எதுக்குக் கால்ல ஊசி போடறீங்க?"

காலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயோடு காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அநேகமாக இதைத்தான் முதலில் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. பெட் ஸ்கேனுக்குப் பேரும் பெரிது, பில்லும் பெரிது. ஆனால் இந்தப் புற்றுநோய் நிணநீர்க் கணுவில் முதலில் கால்வைக்கும்போது அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத செல் கூட்டம். ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே பெட்டுக்குக் கண் மங்கிவிடும். நுண்ணோக்கிக்கு மட்டும் அகப்படுவதை எந்த ஸ்கேனும் காட்டாது. அணுமருத்துவக்காரனான நான் தேடுவது நோய் போகக்கூடிய வழியை. அந்த வழியில் முதலில் வரும் கணுவுக்கு நேரே தோலில் மையால் குறி போட்டுக் கொடுப்பதோடு என் வேலை முடிகிறது. மீதி சர்ஜனும் பெத்தாலஜிஸ்டும் பார்த்துக்கொள்வார்கள்.

வெள்ளைக்காரர்களுக்கு மெலனோமா பெரும்பாலும் வெயில் படும் தோலில் வரும். நம்மவர்களுக்கு உள்ளங்கால், குதிகால், நகத்தடி. குழித்தறியில் நாளெல்லாம் மிதிபலகை மிதிக்கிற நெசவாளி குதிகாலில் கறுப்பாக ஒன்றைப் பார்த்தால் கால் ஆணி என்பார். முள் குத்தியது என்பார். ஆணி பிளாஸ்டர் ஒட்டியே மாதங்கள் ஓடிவிடும்.

உள்ளங்காலில் ஊசி போடுவது சுலபமில்லை. தோல் தடிமன், வலியும் அதிகம். கதிரியக்க டெக்னீசியம் ஏற்றிய கூழ்மத்தைப் புண்ணைச் சுற்றி நான்கு இடத்தில், தோலுக்கு அடியில் போய்விடாமல் தோலுக்குள்ளேயே, சிறு தடிப்பு எழும்பும்படி ஏற்ற வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் 0.1 மில்லி போதும். ஊசியை எடுக்கும்போது ஒரு சொட்டு பீய்ச்சித் தொடையில் பட்டால், கேமராவில் அதுவும் ஒரு கணுவைப்போல மின்னும். அதனால் பஞ்சை வைத்து மூடிக்கொண்டே எடுப்போம்.

உடனே கேமராவை ஓட்ட வேண்டும். முதல் சில நிமிடங்களை விட்டுவிட்டால் வாய்க்கால்கள் தெரியாது, புள்ளிகள் மட்டும் மிஞ்சும். எந்தப் புள்ளிக்கு நேராக வாய்க்கால் வந்து சேர்கிறதோ அதுதான் முதல் கணு, சென்டினல் கணு. அதிகமாக மின்னுவதுதான் என்று நினைத்துவிடக் கூடாது. குதிகாலாக இருந்தால் முழங்காலின் பின்புறத்தையும் பார்த்தாக வேண்டும். எல்லா வாய்க்காலும் நேரே தொடை இடுக்குக்குப் போவதில்லை; சில நேரம் முழங்காலுக்குப் பின்னே ஒரு கணு குந்தியிருக்கும். ஆழம் தெரியாவிட்டால், முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்பெக்ட்-சிடி எடுப்போம். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். அதனால் காலையில் ஊசி, அன்றே அறுவை என்பது வசதி.

திருமுக்கூடல் எனக்கு அம்மா ஊர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் என்று பேர், கோடையில் போனால் கூடுவது மணல்தான். தண்ணீர் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பக்கம் என்று மேலே நின்று சொல்ல முடியாது. நிணநீரும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் சாப்பே சடலங்களில் பாதரசம் ஏற்றி, உடம்பின் நடுவிலும் இடுப்பிலும் கோடு போட்டு, இந்தப் பக்கத் தோல் இந்தக் கணுவுக்கு என்று பிரித்து வைத்தார். நூறு வருஷம் சர்ஜன்கள் அதை நம்பினார்கள். சிட்னியில் ரோஜர் யூரன் போன்றவர்கள் உயிருள்ளவர்களைப் படமெடுத்துப் பார்த்தபோது, முதுகுத் தோலிலிருந்து கிளம்பிய வாய்க்கால்கள் அந்தக் கோடுகளை மதிக்காமல் தாண்டிப் போயின. சர்ஜன் டொனால்ட் மார்ட்டன் 1992இல் நீலச் சாயத்தை வைத்து முதல் கணுவை எடுத்துக் காட்டினார். இன்றும் நம்மூரில் அந்தச் சாயம், மலிவான மெத்திலீன் புளூவாக, கதிர் வரும் கணுவைத் தேடும் காமா புரோபுக்குத் துணையாக இருக்கிறது. ஐசிஜி ஒளிர்சாயம் அழகாக இருக்கும். ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போனால் அதன் ஒளி வெளியே வராது.

அதே திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டிலேயே 15 படுக்கையோடு வீரசோழன் என்ற ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை. வைத்தியர், சல்லியக் கிரியை என்ற அறுவை செய்கிறவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், நாவிதர் என்று எல்லோருக்கும் கூலி எழுதி வைத்திருக்கிறான். வருஷத்துக்கு இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்கூட உண்டு. என் வேலைக்கு மட்டும் ஆள் இல்லை. உள்ளே பார்க்க வழியில்லாமல் அந்தச் சல்லியக்காரர் எப்படிச் சமாளித்தாரோ!

இந்தப் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. வெறுங்கால் நடை, பித்தவெடிப்பு, சேற்றுப்புண், யானைக்கால் தொற்று என்று பலருக்கும் தொடை இடுக்கில் நெறி கட்டியே இருக்கும். பெட்டில் அந்தக் கணுக்களும் எரியும். அங்கே எனக்கு அல்ட்ராசவுண்ட்தான் மேல். நல்ல கணு அவரை விதை வடிவில், நடுவில் வெள்ளைக் கொழுப்போடு இருக்கும். நோய் புகுந்தது உருண்டு, கொழுப்பை இழந்து, ஓரத்தில் ரத்தக்குழாய் ஓடும். சந்தேகமா, செல் உறிஞ்சிப் பார்க்கும் ஒரு எஃப்என்ஏசி ஊசி தீர்த்துவிடும்.

முன்பெல்லாம் முதல் கணுவில் நோய் இருந்தால் மிச்சக் கணுக்களையும் வழித்தெடுத்துவிடுவார்கள். 2017இல் வெளியான எம்எஸ்எல்டி-2 ஆய்வு, அப்படி எடுத்தவர்கள் கூடுதல் காலம் பிழைக்கவில்லை என்று காட்டியது. நிணநீர் வீக்கமோ எடுத்தவர்களில் 24 சதவீதம், எடுக்காமல் அல்ட்ராசவுண்டால் கண்காணித்தவர்களில் 6 சதவீதம். தறி மிதிக்கிறவருக்கு வீங்கிய கால் என்றால் பிழைப்பே போச்சு. முதல் இரண்டு ஆண்டு நான்கு மாதத்துக்கொரு முறை, பிறகு ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கொரு முறை அல்ட்ராசவுண்டுக்கு வந்துபோவது அதைவிட எவ்வளவோ தேவலை.

எனக்கு வருத்தமெல்லாம், புண்ணை அகலமாக வெட்டித் தோல் ஒட்டிய பிறகு படத்துக்கு அனுப்புகிறார்களே என்பதுதான். வெட்டியதில் வாய்க்கால்களும் அறுந்து திசை மாறியிருக்கும். அதன்பின் நான் காட்டும் கணுவை முழுதாக நம்ப முடியாது. பயாப்சிக்குக் குறுகலாக எடுத்தால் பாதகமில்லை. பெரிய அறுவைக்குத் தேதி குறிக்கும்போது, "கணு படம் எடுத்தாச்சா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குளித்து முடித்துக் காலைத் துடைக்கும்போது அடிப்பக்கத்தையும் ஒருதரம் திருப்பிப் பாருங்கள்.