ரோடு வரும் பின்னே, ரவுடி வருவான் முன்னே

கேங்ஸ்டர் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் யார் யாரை வெட்டினான் என்றுதான் பேசுவார்கள். கடலூர் ஓ.டி.க்காரர் (ஓல்டு டவுன்) ஒருவர் மட்டும் ரோட்டைப் பற்றிப் பேசுகிறார். வெற்றிமாறனின் 'வட சென்னை' வந்தது 2018 அக்டோபரில். அதன் பிறகு எத்தனையோ கத்திப் படங்கள் வந்து போய்விட்டன. அவர் இன்னும் அந்தப் படத்தை விட்டபாடில்லை.

துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், வேலை சிதம்பரத்தில். நாகப்பட்டினம் போகும் சாலை நான்கு வழியாக விரிந்ததை பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தே பார்த்தவர். முன்பாதியை மட்டும் இடித்துவிட்டுப் போன வீடுகளில் உள்சுவர் வெளியே தெரியும். ரோஸ் கலர் டிஸ்டெம்பர், சாமி படம் மாட்டிய ஆணி, ஸ்விட்ச் போர்டு இருந்த சதுரம். ஒரு குடும்பத்தின் படுக்கையறையை ஊரே டிக்கெட் எடுத்துப் பார்த்துக்கொண்டு போவது போல இருந்தது என்பார்.

படத்திலும் அதுதானே பிரச்சினை! அமீர் நடித்த ராஜன் கடத்தல்காரன்தான். ஆனாலும் குப்பத்துக்கு அவன்தான் பெரிய மனிதன். சாலைத் திட்டத்துக்காகக் குப்பத்தைக் காலி செய்ய வேண்டும் என்று ராதாரவியின் முத்து வருகிறார். ராஜன் மறுக்கிறான். முத்து நேரடியாக மோதவில்லை. குணா, செந்தில் என்று ராஜன் நிழலில் வளர்ந்தவர்களை வைத்தே கதையை முடிக்கிறார். படம் தொடங்குவதே கொலை முடிந்த கையோடுதான். செத்தது யார் என்பது வெகுநேரம் கழித்துத்தான் நமக்குத் தெரிகிறது.

"குணாவும் செந்திலுமா கொன்னாங்க? ரோடுப்பா கொன்னுது" என்பது ஓ.டி.க்காரரின் தீர்ப்பு.

சிதம்பரம் கீழவீதியில் இருக்கும் அவருடைய சகாவுக்கு இதில் உடன்பாடில்லை. அவர் 'நாயகன்' கட்சி. "அண்ணே, இதெல்லாம் மணிரத்னம் 1987லயே காட்டிட்டாரு" என்று கிளம்புவார். காட்டினார்தான். தாராவியில் குடிசைகளை இடிக்கச் சொன்ன சேட்டின் பங்களாவுக்குள் வேலு நாயக்கர் ஆட்களோடு புகுந்து கண்ணாடியையெல்லாம் நொறுக்குவார், சேட் பணிந்துவிடுவார். தோட்டா தரணி சென்னையில் போட்ட செட்டைத் தாராவி என்றே நம்பி, அவருக்குத் தேசிய விருதும் கொடுத்தது நாடு. ஆனால் கண்ணாடியை உடைத்தால் காரியம் முடிந்துவிடும் என்பது அந்தப் படத்தின் கனவு. முப்பது வருஷம் கழித்து வந்த 'வட சென்னை'யில் உடைக்கக் கண்ணாடியே இல்லை. எதிரி வரைபடத்தோடு வருகிறான், கூடவே வளர்ச்சி என்ற சொல்லையும் கொண்டுவருகிறான்.

ரோடு ஒருபுறமிருக்க, படம் காலத்தைக் காட்டும் விதத்துக்கு வருவோம். பழைய காலத்தைக் காட்டுவதென்றால் பெல்பாட்டம், தாடி, இளையராஜா பாட்டு என்று ஒரு ஃபார்முலா 'சுப்ரமணியபுரம்' (2008) வெற்றிக்குப் பிறகு நிலைத்துவிட்டது. இயக்குநர் சசிகுமார் மேல் குற்றமில்லை. 1980 மதுரையில் தியேட்டருக்குள் 'முரட்டுக்காளை' ஓட, திரைக்கு முன்னால் பையன்கள் ஆடுவது அந்த வருஷத்தின் மூச்சு. பின்னால் வந்தவர்கள் காலரை மட்டும் காப்பியடித்தார்கள்.

'வட சென்னை' 1987 முதல் 2003 வரை நகர்கிறது. அந்தக் காலத்தைச் சட்டையில் தேடாமல் கேரம் போர்டில் தேடியது ஓ.டி.க்காரருக்குப் பிடித்த விஷயம். தனுஷின் அன்பு கேரம் ஆட்டக்காரன். மன்றத்து பல்பு வெளிச்சம், போரிக் பவுடர் தூவிய பலகை, ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் முன் ஒரு கணம் எல்லோரும் பேச்சை நிறுத்துவது: இதெல்லாம் கடலூரிலும் உண்டு. அந்த ஆட்டத்தையே சாக்காக வைத்துச் சிறைக்குள் செந்திலை நெருங்கி, போட்டி நடக்கும்போதே கத்தியை இறக்குகிறான் அன்பு. கேப்பர் மலை மத்தியச் சிறையின் மதிலை வெளியிலிருந்தே பார்த்துப் பழகிய ஊர் இது (1918இல் பாரதியைப் பூட்டியதும் கடலூரில்தான்). உள்ளே இப்படித்தான் இருக்குமோ என்று நம்பவைத்த முதல் தமிழ்ப்படம் என்று சான்றிதழ் தருகிறார் அவர்.

குறையும் சொல்வார். படகில் வைத்த முதலிரவுக் காட்சி மீனவர்களைப் புண்படுத்தியது. வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்து அதை நீக்கினார். "போட்டுல செருப்போட ஏற மாட்டோம்பா, இதை யாராச்சும் அவருகிட்ட முன்னாடியே சொல்லிருக்கணும்." அன்பு தலைவனாகும் கடைசிப் பகுதி அவசரம் என்பதும் அவர் புகார். அது நியாயம்தான். சிறைக்கு அவ்வளவு நேரம் கொடுத்த படம், குப்பத்தின் போராட்டத்தை ஓட்டமாக ஓடிக் கடக்கிறது.

இரண்டாம் பாகம் 'அன்புவின் எழுச்சி' என்று அறிவித்ததோடு சரி. இப்போது அதே உலகத்தில் சிம்புவை வைத்து 'அரசன்' என்றொரு படத்தை அறிவித்திருக்கிறார் வெற்றிமாறன். கீழவீதிக்காரர் சிம்புவுக்காகவே போவாராம். ஓ.டி.க்காரர் கேட்பது வேறு. கணவன் ராஜனைக் கொன்றவர்களில் ஒருவனான குணாவையே கட்டிக்கொண்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து காய் நகர்த்திய ஆண்ட்ரியாவின் சந்திராதான் அந்தக் கதையில் அசல் டான். அவளுக்கு ஒரு முழுப்படம் எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு லீவு போடத் தயார் என்கிறார். "அப்போ நீங்க ஒண்ணும் லீவு போட வேண்டியிருக்காதுண்ணே" என்றார் கீழவீதிக்காரர்.