லாங்ஜம்ப் பிறந்த இடம்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் சி மொழியில் எழுதப்பட்டது. சி-யில் எக்ஸப்ஷன் கிடையாது. ஆனால் போஸ்ட்கிரெஸ்ஸின் மூல நிரலில் பிஜி_ட்ரை, பிஜி_கேட்ச் என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இல்லாத வசதி எந்த வழியாக உள்ளே வந்தது என்று தேடிக்கொண்டு போனேன்.

இரண்டும் மேக்ரோக்கள். பிரித்தால் உள்ளே இருப்பது செட்ஜம்ப்பின் உடன்பிறப்பு. செட்ஜம்ப், நிரல் அப்போது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு சுழியைத் தரும். பிறகு எத்தனை ஃபங்ஷன் ஆழத்தில் இருந்து லாங்ஜம்ப்பை அழைத்தாலும் நிரல் நேரே அந்த இடத்துக்கு வந்து விழும். செட்ஜம்ப் இரண்டாம் முறையாகத் திரும்பும், இம்முறை சுழியல்லாத எண்ணோடு.

இப்படி சி-யில் எக்ஸப்ஷன் செய்வதை நூலகமாக்கி விளக்கியவர் டேவிட் ஹேன்சன், 1996இல் வந்த 'சி இன்டர்ஃபேசஸ் அண்ட் இம்ப்ளிமென்டேஷன்ஸ்' நூலில். அவருக்கு முன்பே, 1989இல், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எரிக் ராபர்ட்ஸ் இது பற்றித் தனி அறிக்கை எழுதியிருந்தார். அந்தக் கூடத்தில் மாடுலா-2+ புழங்கியது, அதில் ட்ரை உண்டு. ட்ரை என்று எழுதும் முறைக்கு இப்படி ஒரு பூர்வீகம் கிடைத்தது. லாங்ஜம்ப் என்ற தாவலுக்கு இன்னும் பின்னால் போகவேண்டியிருந்தது.

1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் செட்ஜம்ப் இருக்கிறது. 1975இன் ஆறாம் பதிப்பில் அதன் இடத்தில் செட்எக்ஸிட், ரீசெட் என்று ஒரு ஜோடி. அது ஒரே ஓர் இடத்தைத்தான் நினைவில் வைக்கும். ஏழாம் பதிப்பில் அந்தக் குறிப்பை வைக்கும் ஜம்ப்_பஃப்பை நாமே கொடுக்கிறோம், அதனால் எத்தனை இடம் வேண்டுமானாலும் குறிக்கலாம். ட்ரைக்குள் ட்ரை சாத்தியமானது இந்தச் சின்ன மாற்றத்தால்தான்.

ஏழாம் பதிப்பின் எட் எடிட்டரைத் திறந்தேன். கென் தாம்சனின் படைப்பு அது. அதில் எரர் என்ற ஃபங்ஷன் முதலில் திரையில் ஒரு கேள்விக்குறி போடுகிறது. உள்ளீட்டு வரியில் மிச்சம் இருப்பதைப் படித்துத் தள்ளுகிறது. கோப்பு ஏதும் திறந்திருந்தால் மூடுகிறது. கடைசி வரி லாங்ஜம்ப், கட்டளை வாங்கும் இடத்துக்கு. எட்டின் நிலையெல்லாம் பெரும்பாலும் பொது மாறிகளில் இருப்பதால் இந்தத் தாவலில் கைவிடப்படுவது ஒன்றுமில்லை. எவ்வளவு சுத்தமான வேலை!

பின்வந்த நூலகங்களின் தொல்லை எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். துடைத்து வைக்க எதுவும் இல்லாத நிரலுக்குப் பொருந்திய தாவலை, மாலக்கும் லாக்கும் நிறைந்த நிரல்களுக்குள் கொண்டுவந்தார்கள். வழியில் கடக்கும் ஃபங்ஷன்கள் கையில் என்ன வைத்திருந்தன என்று லாங்ஜம்ப் பார்ப்பதில்லை. ட்ரைக்குள் மாற்றிய லோக்கல் மாறியை வோலடைல் என்று அறிவிக்காவிட்டால் கேட்ச்சில் அதன் மதிப்பை நம்ப முடியாது. போஸ்ட்கிரெஸ்ஸின் எலாக்.ஹெச் கோப்பிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது.

போஸ்ட்கிரெஸ் தப்பித்தது மெமரி கான்டெக்ஸ்டுகளால்: பரிவர்த்தனை முறிந்தால் அதற்காக வாங்கிய நினைவகம் மொத்தமாகப் போய்விடும். லுவா மொழியும் பிழை வந்தால் லாங்ஜம்ப்தான் செய்கிறது, ஆனால் பின்னால் கூட்டிப் பெருக்க கார்பேஜ் கலெக்டர் இருக்கிறது. பிஎன்ஜி படங்களைப் படிக்கும் லிப்பிஎன்ஜி நூலகத்தில் இரண்டும் இல்லை. பிஎன்ஜி படம் கெட்டிருந்தால் நிரல் நம் செட்ஜம்ப்புக்கே வந்து விழும். அந்தக் கிளையில் லிப்பிஎன்ஜியின் ஸ்ட்ரக்டை அழிப்பது, வரிசைகளுக்காக வாங்கிய மாலக்கை விடுவிப்பது, கோப்பை மூடுவது எல்லாம் நம் பொறுப்பு.