பித்தநாளத்துக்கு ரெண்டாவது ஆபரேஷனா? செக்கப்பை நிறுத்தாதீங்க

"நல்லாத்தானே இருக்கேன் டாக்டர், இன்னும் எதுக்கு ரத்தம் எடுக்கிறீங்க?" ஓ.பி.யில் அடிக்கடி வரும் கேள்வி. நியாயமான கேள்விதான் மக்களே.

லேப்பராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்கும்போது ஆயிரத்தில் 3 முதல் 5 பேருக்குப் பித்தநாளம் காயப்படலாம். காயம் தழும்பாகி நாளம் சுருங்கும். அப்போது சிறுகுடலை மேலே கொண்டுவந்து நாளத்தோடு இணைப்பார்கள். அந்த இணைப்பும் சுருங்கினால் சிலருக்கு மறு ஆபரேஷன்.

பயப்பட வேண்டாம். அனுபவமுள்ள சர்ஜன் கையில் மறு ஆபரேஷனுக்குப் பிறகும் பெரும்பாலானோர் பல வருஷம் நல்லா இருக்காங்க. ஆனா ஒவ்வொரு முறையும் தைக்கக் கிடைக்கும் நல்ல நாளம் குறையும். தையல் கல்லீரலை நோக்கி மேலே ஏறும். மறுபடி சுருங்குவது பெரும்பாலும் முதல் சில வருஷங்களில். 10 வருஷம் கழிச்சும் வரலாம்.

கண் மஞ்சளாவதற்கு முன்பே பலருக்கு ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறிவிடும். அப்பவே பிடிச்சா பலூன் வச்சு விரிச்சே பலரைக் காப்பாத்தலாம். வருஷக்கணக்கில் விட்டா கல்லீரல் சுருங்கி, மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் போகும்.

குளிர் நடுக்கத்தோட காய்ச்சலா? உடம்பெல்லாம் அரிப்பா? மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டுப் படுக்காதீங்க. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க.