ஆறில்லாத இரு ஊர்கள்

நெடுந்தொலைவுப் பயணத்தில் ஒரு விமானத்திலிருந்து இறங்கி மறு விமானத்தில் ஏறும்வரை கிடைக்கும் சில மணி நேரத்தை, இடையிலுள்ள நகரத்தைப் பார்ப்பதற்குப் பயன்படுத்திக்கொள்வதே இடைத்தங்கல் எனப்படுகிறது. பலாலியில் 2019ஆம் ஆண்டு சர்வதேச விமானநிலையம் திறக்கப்பட்டபோதிலும், இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் வாழும் பிள்ளைகளையும் சகோதரர்களையும் காணப் புறப்படும் யாழ்ப்பாணத்தவர் கட்டுநாயக்காவுக்குச் சென்றே விமானம் ஏறவேண்டியிருப்பதாலும், அங்கிருந்து மேற்கே செல்லும் சேவைகளில் பல வளைகுடா நகரங்களைத் தொட்டே செல்வதாலும், டுபாய், யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்குப் பழகிய இடைவழி ஊராகிவிட்டது.

வழிநடையில் தங்கிச் செல்வது குடாநாட்டுக்குப் புதிதன்று. பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம், தெருவின் இருபுறமும் கற்றூண்கள் தாங்கும் திண்ணைகளையும், தெருவையே மூடி நிற்கும் கூரையையும் கொண்டது. அதன் ஊடாகவே போக்குவரத்து இன்றும் நடைபெறுகின்றது. தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கியும், கால்நடைகள் உடலை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல்லும், அருகே தண்ணீருக்குக் கேணியும் அமைத்த மூதாதையர், வழிப்போக்கனுக்கு முதலில் வேண்டியவை நிழலும் நீருமே என அறிந்திருந்தனர். டுபாயில் இறங்கும் யாழ்ப்பாணத்துப் பயணியும் அந்நகரத்தை இவ்விரண்டையும் கொண்டு அளந்து பார்ப்பாராயின், கிடைக்கும் ஆறேழு மணி நேரம் பயனுள்ளதாகும்.

இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர் விமானநிலையத்தை விட்டு வெளியேற விசா வேண்டும். 48 மணி நேரத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் வழங்கப்படும் இடைவழி விசாக்களை, விமான நிறுவனத்தின் வழியாக முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நல்லது. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளிவைத்து, மூன்றாம் முனையத்திலேயே மெற்றோவில் ஏறி, யூனியன் நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறினால், பழைய நகரத்தின் அல் ராஸ் நிலையத்தைச் சிறிது நேரத்தில் அடையலாம். பெரும்பாலானோர் முதலில் தேடிச் செல்வது 2010இல் திறக்கப்பட்ட, 828 மீற்றர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவையே என்றாலும், அக்கோபுரம் எழுவதற்கு வழிசெய்த ஊர் எது என்பதைக் காண விரும்புவோர் கடற்கழியின் கரையிலிருந்தே தொடங்கவேண்டும்.

கடற்கழி என்பது கடல் நீர் நிலத்துக்குள் நீண்டு புகுந்த ஓடை. ஆற்றைப் போலத் தோன்றினும் அதில் ஓடுவது உப்புநீரே. அல் ராஸ் நிலையம் உள்ள தேரா கரையில் ஏலக்காயும் உலர்ந்த எலுமிச்சையும் மணக்கும் பலசரக்குச் சந்தையைக் கடந்து படித்துறைக்கு வந்தால், ‘அப்ரா’ எனப்படும் மரவள்ளங்கள் வரிசையாக நிற்கும். நடுவே முதுகோடு முதுகு பொருந்த அமரும் நீண்ட பலகை, தலைக்குமேல் சிறு கூரை, நடுக்குழியில் அமர்ந்து சுக்கான் பிடிக்கும் வள்ளக்காரர், கையில் கொடுக்கும் ஒரு திர்ஹாம் நாணயம் என அமைந்த அப்பயணம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இயந்திரத்தின் அதிர்வு பலகை வழியே உடலில் ஏறும்போதும், உப்புக்காற்று முகத்தில் படும்போதும், குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் சென்றவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. கரையில் அணைந்து நின்று சரக்கேற்றும் மரக்கப்பல்களோ வல்வெட்டித்துறையை நினைவூட்டுகின்றன. அங்கு கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது என்பது, இக்காட்சியின் முன் நிற்கும் எந்த வடமராட்சியாரும் மறக்கமுடியாத வரலாறு.

மறுகரையில் உள்ள அல் ஃபஹீதி குடியிருப்பே இந்நகரில் நெடுநேரம் நின்று பார்க்கத்தக்க இடம். தென் ஈரானிலிருந்து வந்து குடியேறிய வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் கட்டிய இவ்வீடுகள் முருகைக்கல்லும் சாந்தும் கொண்டு எழுந்தவை. நடுவே வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் அறைகளும் கொண்டிருப்பதால், யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் உறவினரைப் போல விளங்குகின்றன. வீடுகளுக்கிடையே வெயில் தரையில் விழாதவாறு சுவர்கள் நெருங்கி நிற்கும் ஒடுங்கிய பாதைகளுக்கு, ஒழுங்கை என்ற சொல்லைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை. கூரைக்குமேல் உயர்ந்து நிற்கும் காற்றுக்கோபுரம் அரபியில் ‘பார்ஜீல்’ எனப்படும். நான்கு பக்கமும் திறந்த அதன் உட்புறம் குறுக்குச்சுவர்களால் பிரிக்கப்பட்டிருப்பதால், எத்திசைக் காற்றும் ஒரு பகுதியின் வழியே கீழிறங்கி அறையைக் குளிர்விக்க, சூடேறிய காற்று மறுபகுதியின் வழியே மேலேறி வெளியேறுகின்றது. 1980களில் ஒரு பகுதி இடிக்கப்பட்ட பின்னர் எஞ்சியதைக் காத்து வைத்திருப்பது அந்நகரம் செய்த நற்செயல்களில் ஒன்று.

இவ்வூரை முதலில் வாழவைத்தது முத்து. வளைகுடாவின் அரபு முத்துக்குளிப்போர் மன்னார்க் கடலின் முத்துக்குளிப்புக் காலத்தில் இலங்கைக்கும் வந்து மூழ்கியுள்ளனர். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும், ஜப்பானிய வளர்ப்பு முத்துக்களின் வரவும் அத்தொழிலைச் சாய்த்தன. 1966இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1971இல் ஐக்கிய அரபு அமீரகம் உருவானது. 1979இல் ஜெபல் அலி துறைமுகம் திறக்கப்பட்டது. செல்வம் வந்த வழி இதுவாயினும், ஆறும் குளமும் இல்லாத மணல்வெளியில் இத்தனை மக்கள் வாழ நீர் எங்கிருந்து வருகிறது என்பதே யாழ்ப்பாணத்துப் பயணி கேட்கவேண்டிய கேள்வி.

அந்நகரத்தின் குடிநீர் ஏறத்தாழ முழுவதும் கடலிலிருந்து உப்பு நீக்கிப் பெறப்படுவது. கடல்நீரைக் கொதிக்கவைத்து ஆவியைக் குளிர்வித்து நீராக்குவது ஒரு முறை. மிகுந்த அழுத்தத்தில் நுண்சவ்வின் ஊடாகச் செலுத்தி உப்பைப் பிரிப்பது மற்றையது. இரண்டுக்கும் பெருமளவு சக்தி வேண்டும். இரண்டுமே செறிந்த உப்புநீரைக் கழிவாக விடுகின்றன. புர்ஜ் கலீஃபாவில் குளிரூட்டும் இயந்திரங்களில் படியும் ஈரம்கூடச் சேகரிக்கப்பட்டுத் தோட்டங்களுக்குப் பாய்ச்சப்படுகின்றது. அக்கோபுரத்தின் உச்சியைவிட, ஒரு துளியையும் விலையறிந்து சேமிக்கும் அவ்வேற்பாடே பார்த்து வரத்தக்கது.

குடாநாட்டுக்கும் நிலையான ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுவது. ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையைச் சுண்ணாம்புக்கற் படுகை உள்வாங்கி வைத்திருக்கின்றது. கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீர் வில்லை வடிவில் மிதப்பதால் இதனை நன்னீர் வில்லை என்பர். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியல் விதி. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர்நீர் ஏறத்தாழ நாற்பதடிக்கு ஏறும் என்பதும் அதன் மறுபக்கமே. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு எல்லை வகுத்தது. இயந்திரங்கள் வந்தபின் அவ்வெல்லை அழிந்தது. உரமும் மலக்குழிக் கசிவும் கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியுள்ளன. பல ஊர்களில் குடிதண்ணீர் பவுசரில் வருகின்றது.

இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் தம் வயல்களை எண்ணி எதிர்த்தனர். அதன் பின்னர் கடல்நீரை நன்னீராக்கும் வழி தெரிவாகி, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்ல நிலையம் 2024இல் திறந்துவைக்கப்பட்டது. டுபாயின் வழி குடாநாட்டுக்கும் வந்துவிட்டது. அதே கரையோரத்தில் உள்ள மணற்காடு, பழைய தேவாலயம் ஒன்றையே புதைத்த மணற்குன்றுகளால் குடாநாட்டின் பாலைவனமாகத் தோன்றினும், அக்குன்றுகள் மழையை வடித்து நன்னீராகச் சேர்த்துவைப்பவை. அங்கு மணல் அள்ளுவது நீரை அள்ளுவதற்கு ஒப்பாகும்.

டுபாய்க்குக் கடலை வடிப்பதன்றி வேறு வழி மிகக் குறைவு. குடாநாட்டுக்கோ ஆண்டுதோறும் மழை வருகின்றது. ஆகையால் டுபாயில் சில மணி நேரம் தங்கித் திரும்புவோர், விலைகொடுத்து நீர் பெறும் நகரத்தைக் கண்ட கண்ணோடு தம் வளவுக் கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும். அடுத்த ஐப்பசி பிறப்பதற்கு முன் ஊர்க் குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி, கூரைநீரை நிலத்துக்குள் இறக்கும் வழிசெய்து வைப்பது குடாநாட்டார் ஒவ்வொருவரதும் கடமை.